வளவில் வெயில், கையில் போன்

கானாடுகாத்தானில் உறவினர் வீடு. பழைய செட்டிநாட்டு வீடுகளில் ஓர் அழகு உண்டு: முகப்பில் நின்றால் வளவு (நடுமுற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசல் நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்து, பின்தெரு வாசல் வரை கண் ஓடும். அவ்வளவு தூரம் பார்க்கக் கிடைக்கும் வீட்டில், லீவுக்கு வந்த ஏழு வயதுப் பையன் அறை மூலையில் சுருண்டு, மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி போனைப் பிடித்திருந்தான். போன மாதம்தான் கண்ணாடி போட்டார்களாம். "போன் வெளிச்சம் புள்ள கண்ணைத் தின்னுருச்சு" என்றார் அப்பத்தா.

தின்றது வெளிச்சம் அல்ல. வெளிச்சம் போதாததுதான் பெரிய சிக்கல்.

பிறந்த குழந்தையின் கண், முன்னிருந்து பின்னாக அளந்தால் ஏறக்குறைய 17 மி.மீ.; வளர்ந்தவருக்கு 24 மி.மீ. இடையில் வரும் அந்த வளர்ச்சியை உடம்பு குருட்டாம்போக்கில் விடுவதில்லை. பிம்பம் சரியான இடத்தில் விழுகிறதா என்று விழித்திரையே பார்த்து, "இன்னும் கொஞ்சம்", "போதும்" என்று கண்ணின் வெளிச்சுவருக்குச் சேதி அனுப்புகிறது. தச்சர் நிலையில் கதவை இழைத்து இழைத்துப் பொருத்துவது மாதிரி. இழைத்த மரம் திரும்ப வளராது. நீண்டுவிட்ட கண்ணும் திரும்பக் குறுகாது. ஒரு மி.மீ. கூடினாலே கண்ணாடியின் பவர் சுமார் மைனஸ் இரண்டரை, மூன்று என்று ஏறிவிடும். அதுதான் கிட்டப்பார்வை. கரும்பலகை மங்கும், போன் பளிச்சென்று தெரியும்.

இந்தச் சேதிப் போக்குவரத்தைப் புரியவைத்ததில் கோழிக்குஞ்சுகளுக்குப் பெரிய பங்கு. (கோழிக்குக் குழம்பைத் தவிர வேறு வேலையும் உண்டு என்பதைச் செட்டிநாட்டார் நம்ப வேண்டும்.) குஞ்சின் கண்முன் மைனஸ் லென்ஸ் பொருத்தினால் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் தள்ளிப்போகிறது. சில நாட்களிலேயே கண் நீண்டு அதை எட்டிப் பிடித்துவிடுகிறது. எந்நேரமும் கிட்டத்தில் பார்க்கும் பிள்ளையின் கண்ணிலும் இதுபோல் நடக்கலாம் என்பது ஒரு விளக்கம். கிட்டப் பார்ப்பதற்குக் கண் எவ்வளவு உழைக்கிறது என்பதை நாமே கணக்குப் போடலாம்: 100 செ.மீ.யைத் தூரத்தால் வகுத்தால் டயாப்டர், அதாவது கண்ணாடி பவரை அளக்கும் அதே அலகு. புத்தகம் 33 செ.மீ.யில் இருந்தால் 3. போன் 20 செ.மீ.யில் இருந்தால் 5. வளவின் எதிர்த்தூணைப் பார்த்தால் கிட்டத்தட்ட பூஜ்யம்.

நெருக்கம் பாதிக் கதைதான். பிரகாசமான வெளிச்சத்தில் வளர்த்த குஞ்சுகளுக்குக் கண் நீள்வது மெதுவாகிறது. வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கும். "வளர்ந்தது போதும்" என்று சொல்லும் சேதிகளில் அதுவும் ஒன்று. டோபமினை மருந்தால் தடுத்துப் பார்த்தார்கள்; வெளிச்சம் தந்த பாதுகாப்பும் போய்விட்டது. போன் அடிமைத்தனம் என்ற பேச்சில் திட்டு வாங்கும் அதே டோபமின்தான். கண்ணுக்குள் அது நல்ல பிள்ளை.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? செட்டிநாட்டு அறைகள் வெயிலுக்கு ஒளிந்துகொள்ளக் கட்டியவை. தடித்த சுவர், காலுக்குக் குளிர்ந்த ஆத்தங்குடிக் கல். பட்டப்பகலிலும் அங்கே சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் அதிகம். வெளியே மரநிழலிலேயே பல ஆயிரம். உச்சி வெயிலில் ஒரு லட்சம். கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை.

சீனாவின் குவாங்சோ நகரத் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் வகுப்பு வைத்தார்கள். 3 ஆண்டுகளில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் சுமார் 30 சதவீதம். அப்படி வைக்காத பள்ளிகளில் சுமார் 40. முடிவு 2015இல் வெளியானது. தைவானிலோ 2010 முதலே பிள்ளைகளை நாளுக்கு 2 மணி நேரம் வெளியே இருக்கச் சொல்கிறார்கள். நிழலே போதும், அக்னி நட்சத்திரத்தில் பிள்ளையைக் காயப்போட வேண்டியதில்லை.

இரவில் கதை தலைகீழ். திரையின் நீல வெளிச்சம் பட்டதும் விழித்திரையின் சில செல்கள் "இன்னும் பகல்தான்" என்று மூளைக்குச் சொல்லி, தூக்கத்துக்கு அழைக்கும் மெலடோனினை அடக்கிவிடுகின்றன. சின்னப் பிள்ளைகளுக்குக் கண்மணி பெரிது, லென்ஸும் தெளிவு. பெரியவர்களைவிட அதிக வெளிச்சம் உள்ளே போகும். தூக்கம் தள்ளிப்போகும், பள்ளி வேன் தள்ளிப்போகாது. 6 முதல் 12 வயதுவரை 9 மணி நேரமாவது தூங்க வேண்டும். தூக்கம் கெட்ட பிள்ளை சோர்ந்து கிடப்பதைவிட எரிந்து விழுவதே அதிகம். "போனைப் பார்த்துப் பார்த்து முரடாயிட்டான்" என்று நாம் சொல்வதில் பாதி தூக்கக் கடன் என்பது என் கணிப்பு. போன் பிள்ளைகளின் மனதை நேரடியாக எவ்வளவு கெடுக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. தூக்க விஷயத்தில் அவ்வளவு சண்டை இல்லை.

திரையைப் பார்க்கையில் இமைப்பது குறைந்து கண் உலர்வதும், குனிந்த கழுத்தில் பாரம் கூடுவதும் உண்டு. தலையைத் தூக்கினால் தீரும் தொல்லைகள் அவை.

அன்று காலை அப்பத்தா வளவில் வத்தல் காயப்போட்டு, காக்கா விரட்டப் பையனை உட்காரவைத்தார். போனோடுதான் போனான். அந்த வெளிச்சத்தில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. பிரைட்னஸை முழுக்கக் கூட்டினான். கையைக் குடையாக்கிப் பார்த்தான். சட்டைக்குள் தலையை நுழைத்தும் பார்த்தான். அதற்குள் ஒரு காக்கா வத்தலோடு ஓட்டின்மேல் ஏறிவிட்டது. போனைத் தூணடியில் போட்டுவிட்டுக் குச்சியைத் தேடினான்.