மல்டிடாஸ்கிங்: பல்பணியா, அவதானமா?

வேலை விளம்பரங்களில் 'மல்டிடாஸ்கிங் தெரிந்திருக்க வேண்டும்' என்று போடுகிறார்கள். நேர்காணலுக்குப் போகிறவரும் 'நல்லா மல்டிடாஸ்க் பண்ணுவேன் சார்' என்கிறார். மனிதருக்காகப் பிறந்த சொல்லே அல்ல அது. 1965இல் சிஸ்டம்/360 கணினியை விளக்கி ஐபிஎம் வெளியிட்ட ஆவணத்தில்தான் முதலில் அச்சேறியது என்பார்கள். 'மல்டி' என்பதற்கு லத்தீன் மூலத்தில் 'பல' என்று பொருள். 'டாஸ்க்', வரியைக் குறிக்கும் 'டாக்ஸ்' என்ற சொல்லின் உடன்பிறப்பு. நாலு பேருக்கு வரி கட்டுகிற நினைப்பு ஆபீசில் வருவது சும்மா இல்லை போலும்.

ஒற்றைச் செயலி (பிராசசர்) கொண்ட கணினி இரண்டு வேலைகளை ஒரே கணத்தில் செய்வதில்லை. ஒன்றைக் கொஞ்சம் செய்யும், விட்ட இடத்தைக் குறித்துவைக்கும், அடுத்ததற்குத் தாவும், திரும்பி வந்து குறித்த இடத்திலிருந்து தொடரும். நமக்கு அந்தக் குறிப்பு வசதி கிடையாது. போன மாதம் செலவுக் கணக்கு ஏற்றும்போது வாட்ஸ்அப் கூப்பிட்டது. 'ஓகே' என்று ஒரு சொல்தான் தட்டினேன். திரும்பி வந்து 18,450ஐ 14,850 என்று அடித்திருக்கிறேன். 3,600 உதைத்தது. "ஒன்பதால வகுபடுதே, இலக்கம் இடம் மாறியிருக்கும், பாருங்க" என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன பிறகுதான் பிடிபட்டது. அதற்குள் மதியம் போய்விட்டது. வேலை மாறினாலும் மனத்தின் ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக் கிடப்பதைப் பற்றி சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். அதைத் தமிழில் 'கவன எச்சம்' எனலாம்.

கணினிக்குப் 'பல்பணி' பொருத்தமான தமிழ். மனிதரைப் பாராட்ட மட்டும் 'அட்டாவதானி', அதாவது ஒரே நேரத்தில் எட்டுக் காரியங்களில் கவனம் வைப்பவர், என்கிறோமே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அவதானம் என்ற வடசொல்லுக்கு ஒன்றின்மேல் மனத்தை வைத்தல் என்று பொருள். 'மனசை அங்க வை' என்று நாம் சொல்வதும் அதைத்தான். இலங்கைத் தமிழில் 'அவதானமாகப் போங்கள்' என்பது இன்றும் அன்றாடப் பேச்சு. தமிழாக்க விரும்பியவர்கள் 'கவனகம்', 'கவனகர்' என்றார்கள்; நல்ல சொற்கள்.

நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு அவதானங்கள் செய்து 'சதாவதானி' ஆனார். ஒருபக்கம் மணி அடிப்பார்கள், எண்ண வேண்டும். முதுகில் எறிவதையும் எண்ண வேண்டும். நடுவே வெண்பாவுக்கு ஈற்றடி வரும். துருக்கன் என்றால் இஸ்லாமியர்; பாவலரும் இஸ்லாமியர். 'துருக்கனுக்கு ராமன் துணை' என்று ஒருவர் குறும்பாகக் கொடுக்க, பாவலர் பரதனையும் இலக்குவனையும் சொல்லி மூன்றாம் அடியைச் 'சத்' என்று முடித்தாராம். சத்துருக்கனுக்கு ராமன் துணையாகிவிட்டான்! எத்தனை பேர் குறுக்கிட்டாலும் எந்த இழையும் அறாமல் காப்பது அந்தக் கலை. நாம் செய்வது இழைக்கு இழை அறுத்துவிட்டுத் தாவுவது. அதற்குப் 'பணித்தாவல்' போதும்.

அவதானத்தை இன்று பார்க்க வேண்டுமானால் அடுக்களைக்குத்தான் போகவேண்டும். வெங்காயம் அரிந்துகொண்டே, பிள்ளைக்கு வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே, குக்கர் விசிலை எண்ணுகிறார் அம்மா. அங்கேயும் போன் அடித்தால் தீர்ந்தது: "இப்ப வந்தது மூணாவதா, நாலாவதா?"