குதிரையின் வாயில் இரண்டு விரல் இடம்

மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் நகரில், மலைகள் அரணாகச் சூழ்ந்த ஷாம்ப் தெ மார்ஸ் திடலில் 1812ஆம் ஆண்டு முதல் குதிரைப் பந்தயம் நடந்து வருகிறது. அந்த ஓடுதளத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ 1300 மீட்டர்தான். வளைவுகள் நெருக்கமாக இருப்பதால், முழு வேகத்தில் வரும் குதிரையைத் திருப்பும் பொறுப்பில் பெரும்பங்கு கடிவாளத்தின் மீது விழுகிறது. பார்ப்பவர்களின் கண் குதிரையின் கால்களிலேயே நிற்கும். அதன் வாய்க்குள் அப்போது என்ன நடக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

நான் அதை எண்ணத் தொடங்கியதற்குக் காரணம், தெற்குக் கடற்கரையில் ஒரு லாயத்தில் சில காலம் நான் பராமரித்த, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெண் குதிரை. கடிவாளத்திலிருந்து கைக்கு வரும் வாரைத் தொட்டாலே தலையை உதறும். வாயைத் திறந்து நாக்கைக் கடிவாளத்துக்கு மேலே இழுத்துக்கொள்ளும். அது முரட்டு வாய் என்று சொல்லி, அதற்கு இன்னும் கடுமையான கடிவாளம் பூட்டச் சொன்னார்கள். அந்த யோசனை தவறு என்பது அதன் வாயைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

குதிரையின் முன்பற்கள் புல்லைக் கத்தரிக்கின்றன. பின்னால் உள்ள கடைவாய்ப் பற்கள் அரைக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, ஆண் குதிரைக்கு முளைக்கும் கோரைப் பல்லைத் தவிர, பல் இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் வாய்க்கம்பி அமர்வது அங்கேதான். அந்த இடத்தில் கீழ்த்தாடை எலும்பின் விளிம்பு குறுகலாக இருக்கிறது. அதன்மேல் மெல்லிய ஈறு மட்டுமே போர்த்தியிருக்கிறது, மெத்தை போன்ற சதை இல்லை. முகத்துக்கு உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பின் கிளைகள் அங்கே பரவியிருப்பதால் சிறு அழுத்தமும் வலியாக உணரப்படும். வாய் மூடியிருக்கும்போது நாக்கு அந்த வெளி முழுவதையும் நிரப்பி மேலண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பது அதைவிட முக்கியமானது. அதாவது, கம்பிக்கென்று தனி இடம் எதுவும் அங்கே கிடையாது. எந்தக் கடிவாளமாக இருந்தாலும் நாக்கை அமுக்கித்தான் தனக்கு இடம் தேடிக்கொள்கிறது.

நடுவில் ஒரே மூட்டு உள்ள கம்பி, வாரை இழுத்தால் பாக்குவெட்டி போல மடங்கி மேலண்ணத்தைக் குத்தும் என்பது குதிரைக்காரர்களிடையே நெடுநாள் நம்பிக்கை. கால்நடை மருத்துவ ஆய்வாளர் ஹிலாரி கிளேட்டன் 1980களில் வாய்க்குள் கம்பி அசைவதை எக்ஸ்-கதிர் அசைபடமாகப் பதிவு செய்து பார்த்தார். வார் இறுகும்போது கம்பி நாக்குக்குள் அமிழ்ந்து, மேலண்ணத்திலிருந்து விலகிச் செல்வது அதில் தெரிந்தது. சங்கடப்பட்ட குதிரை நாக்கைப் பின்னிழுத்து, கம்பியைக் கடைவாய்ப் பற்களின் பக்கம் தூக்கிவிட முயல்வதும் தெரிந்தது. என் குதிரை செய்ததும் இதையேதான்.

தடித்த கம்பி மென்மையானது என்ற எண்ணம் பாதிதான் சரி. ஒரே விசை அதிகப் பரப்பில் பரவினால் அழுத்தம் குறையும் என்ற அளவில் அது உண்மை. ஆனால் இடமே இல்லாத வாயில் தடித்த கம்பியைத் திணித்தால், வார் தளர்ந்திருக்கும்போதும் நாக்கு நசுங்கியே கிடக்கும். பின்லாந்தில் திறந்தவெளித் தடைகளைத் தாண்டி ஓடும் குறுக்கோட்டப் போட்டிக் குதிரைகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்றில், 14 முதல் 17 மில்லிமீட்டர் வரையுள்ள கம்பிகளைவிட, அதற்கு மெலிந்தவற்றுக்கும் தடித்தவற்றுக்கும் வாய்ப்புண் ஆபத்து கூடுதலாக இருந்தது. அதே நாட்டில் 261 பந்தயக் குதிரைகளின் வாயை ஓட்டம் முடிந்ததும் பரிசோதித்தபோது, 84 விழுக்காட்டுக் குதிரைகளுக்குக் கம்பி படும் இடத்தில் புதிய காயம் இருந்தது. வாய்க்கு வெளியே இரத்தம் தெரிந்தவையோ மிகச் சிலவே. வெளியே இரத்தம் தெரியவில்லை என்பதால் உள்ளே புண் இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

கைப்பிடி போன்ற நீண்ட பக்கக் கம்பிகளும் தாடைக்கு அடியில் செல்லும் சங்கிலியும் உள்ள கடிவாளம் நெம்புகோலாக வேலை செய்கிறது. வாய்க்கம்பிக்குக் கீழே 10 சென்டிமீட்டரும் மேலே 5 சென்டிமீட்டரும் இருந்தால், வாரில் 1 கிலோ எடையளவு இழுக்கும்போது சங்கிலி 2 கிலோ அளவுக்கும், வாய்க்கம்பி 3 கிலோ அளவுக்கும் தாடையை எதிரெதிர்த் திசையில் நெருக்கும். தேர்ந்த கைக்கு அது நுண்ணிய கருவி. பழகாத கையில் அதைக் கொடுப்பது குதிரைக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

வளையங்களின் வடிவமும் கவனிக்கத்தக்கது. தளர்ந்து சுழலும் வளையம் உதட்டோரத்தைக் கிள்ளக்கூடும். பந்தயத்தில் பரவலாக உள்ள 'டி' வடிவ வளையமோ கிள்ளாது. திருப்பும்போது அதன் நேர்ப்பக்கம் கன்னத்தில் பதிந்து குதிரைக்குத் திசையைத் தெளிவாகச் சொல்லும். ஷாம்ப் தெ மார்ஸின் வளைவுகளுக்கு அது பொருத்தமானது.

ஆகவே, கடைக்குப் போகுமுன் வாயை அளக்க வேண்டும். பல்லில்லா இடைவெளியில் பக்கவாட்டிலிருந்து இரண்டு விரல்களை நுழைத்து, குதிரை வாயை மூடும்போது எவ்வளவு நெருக்குகிறது என்று உணருங்கள். நெருக்கினால் மெலிந்த கம்பியே தகும். உதட்டோரம் முதல் உதட்டோரம் வரை ஒரு குச்சியை வைத்து அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தளர் வளையத்துக்கு இருபுறமும் 5 மில்லிமீட்டர் அளவு கூட்டுங்கள், நிலையான வளையம் உதட்டை ஒட்டி அமரலாம். மேல் கடைவாய்க்கு முன்னால் ஓநாய்ப் பல் என்னும் சிறு பல் இருந்தால், எந்தக் கம்பியை மாற்றினாலும் தொல்லை தீராமல் போகலாம். முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும்.

என் குதிரையின் நாக்கு தடித்தது, மேலண்ணம் தாழ்ந்தது. அதற்குப் பூட்டியிருந்ததோ 18 மில்லிமீட்டர் ஒற்றை மூட்டுக் கம்பி. கூரேறிய கடைவாய்ப் பல் விளிம்புகளை மருத்துவர் அராவிய பின், நடுவில் சிறு இணைப்புத் துண்டுடன் இரண்டு மூட்டு உள்ள 14 மில்லிமீட்டர் கம்பியைப் போட்டு, கம்பியைத் தாங்கும் கன்ன வாரை ஒரு துளை இறக்கினோம். தலை உதறல் சில வாரங்களில் நின்றது.

அதன் வயது பதினொன்று. பற்கள் எல்லாம் நிலைபெற்றவை. பந்தயக் குதிரைகளின் நிலை வேறு. பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பது ஏறத்தாழ இரண்டரை வயது முதல் நாலரை வயது வரை நடக்கிறது. பல குதிரைகள் ஓடத் தொடங்குவதும் அந்த வயதில்தான். சென்ற பருவத்தில் அளந்து வாங்கிய கடிவாளத்தை இந்தப் பருவத்தில் பூட்டுமுன், அந்த இரண்டு விரல் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கிறது.