850 மில்லிவோல்ட் போதும்

ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டுக்கு என்விடியா குறித்த மின்வரம்பு 320 வாட். வேகத்தை அதிகம் இழக்காமல் அதன் வோல்டேஜை இறக்குவதுதான் இங்கே வேலை; அண்டர்வோல்டிங் என்பார்கள். கேம் ஓடும்போது சிப் சுமார் 1.05 வோல்ட்டில் 1900 மெகாஹெர்ட்ஸைத் தொடும். அதே சிப் 0.85 வோல்ட்டிலேயே 1800 ஓட்டிவிடும், பெரும்பாலும். சுமாரான சிப்பும், வெக்கையான அறையிலும், சில வருடம் தேய்ந்த பிறகும் தடுமாறக் கூடாதென்று கம்பெனி தாராளமாக வைத்த இடைவெளி அது.

சிப் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தில் ஏறும். 0.85ஐ 1.05ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.66. வேகம் குறைந்த கணக்கையும் பெருக்கினால் 0.62. ஐந்து சதவீத வேகத்துக்குச் சிப்பின் செலவில் 38 சதவீதம் மிச்சம்! மெமரியும் ஃபேனும் இழுப்பது இந்தக் கணக்கில் வராது. ஆகவே கார்டின் மொத்த வாட் அந்த அளவுக்கு இறங்காது.

கார்டின் செட்டிங்கை மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால், எந்த வோல்டேஜில் எவ்வளவு வேகம் என்று காட்டும் வளைகோடு திறக்கும். கோர் கிளாக்கை, அதாவது சிப்பின் வேகத்தை, −250 ஆக்கி டிக் கொடுங்கள். கோடு முழுவதும் கீழே இறங்கும். பிறகு 850 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் 1800க்கு இழுத்து மறுபடி டிக். அதன் வலப்புறம் முழுக்கத் தட்டையாகிவிட வேண்டும். முதலில் இறக்காமல் விட்டால் வலப்பக்கத்தில் ஏதாவதொரு புள்ளி உயரமாக நிற்கும். கார்டு அங்கே தாவி, பழைய வோல்டேஜையே கேட்கும்.

சூடேறியதும் 1800 என்பது 1785 ஆகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கார்டு தானே 15 மெகாஹெர்ட்ஸ் படியாக இறக்கிக்கொள்ளும்.

வோல்டேஜ் குறைந்தால் டிரான்சிஸ்டர் மெதுவாகத் திறக்கும். அடுத்த கிளாக் துடிப்புக்குள் விடை வந்து சேராவிட்டால் தப்பான பிட் பதிவாகும்: திரை ஒரு நொடி இருண்டு, டிரைவர் செத்துப் பிழைத்து, கேம் மூடிக்கொள்ளும். பெஞ்ச்மார்க் சோதனையைத் தாண்டிய செட்டிங், ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிட்டுக் காட்டும் ரே டிரேசிங் கேமில் விழுவது சகஜம்; சிப்பின் வேறு பகுதிகள் அங்கே வேலைக்கு வருகின்றன. 30 மெகாஹெர்ட்ஸ் குறையுங்கள், அல்லது 875 மில்லிவோல்ட் புள்ளிக்கு நகருங்கள். சில நாள் நிலைத்து ஓடும்வரை, விண்டோஸ் தொடங்கும்போதே செட்டிங்கை ஏற்றும் பட்டனைத் தொடவே தொடாதீர்கள்.

விழாமலேயே ஏமாற்றுவதும் உண்டு. சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் 'எஃபெக்டிவ் கிளாக்' வரியைப் பாருங்கள்; சிப் உண்மையில் ஓடும் வேகம் அது. முழுச்சுமையிலும் அது 1800க்கு வெகு கீழே நின்றால், கார்டு சத்தமில்லாமல் துடிப்புகளை விழுங்குகிறது.