கிரியேட்டினின் ஏறியதும் மாத்திரையை நிறுத்தலாமா?

சிறுநீரகத்தைக் காக்கத் தரும் மாத்திரையைத் தொடங்கியபின் கிரியேட்டினின் ஏறினால், அதை நிறுத்தலாமா என்ற கேள்வி வரும். அதற்கு முன் இந்த எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘கிரியேட்டினின் 1.2’ என்று வந்திருக்கிறது. 30 வயது ஆணுக்கு இந்த எண் என்றால் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 83 மில்லி வடிகட்டுகிறது என்று பொருள். 65 வயதுப் பெண்ணுக்கு அதே 1.2 என்றால் 50 மில்லிதான், பாதி போய்விட்டது. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்த உடலில் அது உற்பத்தியாவதே குறைவு என்பதால், சிறுநீரகம் தளர்ந்தபின்னும் எண் நல்ல பிள்ளையாக நிற்கும். ஆகவே கிரியேட்டினினை அப்படியே படிக்கக்கூடாது. வயதையும் பாலினத்தையும் சேர்த்து ‘வடிகட்டும் திறன்’ (இ.ஜி.எஃப்.ஆர்.) என்ற கணக்கில் போட்டுத்தான் படிக்க வேண்டும்.

அது பாதிக் கதைதான். மீதிப் பாதி சிறுநீரில் இருக்கிறது. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் ஆல்புமின் (இரத்தத்தில் உள்ள புரதம்)–கிரியேட்டினின் விகிதம் 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை என்றால் கசிவு தொடங்கிவிட்டது. 300-க்கு மேல் என்றால் கசிவு கடுமை. குச்சியை நனைத்துப் பார்க்கும் சோதனை தொடக்கக் கசிவைத் தவறவிடும். காய்ச்சல், சிறுநீர்த்தொற்று, மாதவிடாய், கடும் உடலுழைப்பு உள்ள நாள்களில் மாதிரி கொடுத்தால் பொய்யாக உயர்ந்து காட்டும். அதனால் ஒருமுறை பார்த்து முடிவு கட்டாமல், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று மாதிரி பார்த்து, இரண்டில் உயர்ந்திருந்தால் உறுதி செய்வார்கள். சர்க்கரை நோயாளிக்கு வடிகட்டும் திறன் 90 இருந்தாலும், விகிதம் 200 என்றால் சிறுநீரகப் பாதிப்பு வந்துவிட்டது. மாரடைப்பு வாய்ப்பும் கூடியிருக்கிறது. சிறுநீரகத்தின் மெல்லிய குழாய்ச் சுவர் ஒழுகுகிறது என்றால் இதயத்தின் குழாய்ச் சுவரும் நலமாக இருக்க வாய்ப்பில்லை.

சர்க்கரை, இதயம், சிறுநீரகம் மூன்றும் எங்கே முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன என்று பார்க்க, ஒரே ஒரு வடிகட்டிக்குள் போகலாம். ஒரு சிறுநீரகத்தில் இப்படி ஏறக்குறைய 10 லட்சம் உண்டு. இரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய், நடுவில் நூலிழைக் குழாய்களின் பந்து. அந்தப் பந்துக்குள் இருக்கும் அழுத்தம்தான் நீரைப் பிழிகிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடியும். ஒன்றரை லிட்டர் மட்டும் சிறுநீராகப் போகும். மீதியை அடுத்துள்ள நுண்குழாய் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்த நீரோடு வடிந்த குளுக்கோஸையும் அது விடுவதில்லை. இதில் பெரும்பங்கைச் செய்வது எஸ்.ஜி.எல்.டி.2 என்ற புரதம். ஆனால் அது குளுக்கோஸைத் தனியாக எடுக்காது. கூடவே உப்பையும் இழுத்துக்கொள்ளும்.

சர்க்கரை கூடியவர்களுக்கு இங்கேதான் கணக்கு பிசகுகிறது. குளுக்கோஸ் அதிகம் வடிவதால் உப்பும் அதிகம் உறிஞ்சப்படுகிறது. நுண்குழாய் சற்றுத் தூரம் ஓடி வளைந்து, தன் வடிகட்டியையே தொட்டுக்கொண்டு செல்லும் இடத்தில் உப்பை அளக்கும் செல்கள் இருக்கின்றன. அங்கே உப்பு குறைவாக வந்து சேர்வதால், வடிகட்டல் போதவில்லை என்று அவை எடுத்துக்கொண்டு, உள்வரும் குழாயை விரியவைக்கின்றன. இன்னொரு பக்கம் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வெளியேறும் குழாயை இறுக்குகிறது. தலைமடையை அகலத் திறந்துவிட்டு வடிகாலை அடைத்தால் வயலுக்கு என்ன ஆகும்? நீர் தேங்கி வரப்பு உடையும். இங்கே உடைவது வடிகட்டியின் சுவர், ஒழுகுவது ஆல்புமின். உறிஞ்சிய உப்பும் நீரும் இரத்தத்தின் அளவைப் பெருக்க, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயம் கூடுதல் சுமையைத் தள்ளுகிறது. தொடக்க ஆண்டுகளில் வடிகட்டும் திறன் இயல்பைவிட உயர்ந்தே காட்டும் என்பதுதான் இதில் பெரிய ஏமாற்று.

மருந்துகள் இந்த இரண்டு மடையிலும் கைவைக்கின்றன. இரத்த அழுத்தத்துக்குத் தரும் டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில், ராமிப்ரில் வகைகள் வடிகாலைத் திறக்கின்றன. சர்க்கரை மாத்திரைகளான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் (இரண்டுமே நாளுக்கு 10 மில்லிகிராம்) எஸ்.ஜி.எல்.டி.2-ஐத் தடுத்து, உப்பை அளக்கும் செல்களுக்கு உண்மை நிலவரத்தைக் காட்டி, தலைமடையைச் சுருக்குகின்றன. இவற்றின் மூதாதை 1835-இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஃப்ளோரிசின். 2015-இல் எம்பாகிளிஃப்ளோசின் இதய மரணங்களைக் குறைத்தது வெளியானது. 2020-இல் 4,304 பேரிடம் நடந்த ஆய்வில் டாபாகிளிஃப்ளோசின், சிறுநீரகம் வேகமாகச் சரிவது, டயாலிசிஸ் நிலை, சிறுநீரக அல்லது இதய மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது 39 சதவீதம் குறைத்தது. அவர்களில் சர்க்கரை நோயே இல்லாதவர்களும் இருந்தார்கள். அதே ஆண்டில் டாபாகிளிஃப்ளோசினுக்கும், 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசினுக்கும் இந்தியக் காப்புரிமை முடிந்ததால் விலை நன்றாக இறங்கியிருக்கிறது.

இனி தலைப்பில் உள்ள கேள்வி. இரண்டு வகை மருந்தும் வடிகட்டிக்குள் அழுத்தத்தைக் குறைக்கின்றன. அழுத்தம் குறைந்தால் வடிவதும் சற்றுக் குறையும். கிரியேட்டினின் சற்று ஏறும். மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம் அது. 30 சதவீதம் வரை ஏறினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1.2 இருந்தவருக்கு 1.5 ஆனால் மருந்து தொடரட்டும். அறிக்கையைப் பார்த்துப் பயந்து, பல ஆண்டுகளுக்குச் சிறுநீரகத்தைக் காக்கவிருந்த மாத்திரையை நிறுத்திவிடுவது இந்தச் சிகிச்சையில் அடிக்கடி நடக்கும் தவறு. மனதை வருத்தும் தவறும்கூட. 30 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும்: உடலில் நீர் வற்றியிருக்கிறதா, நீர் பிரியும் மாத்திரையான ஃபியூரோசிமைடு அளவு அதிகமா, மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் ஓடுகிறதா, சிறுநீரகத் தமனிகள் சுருங்கியிருக்கின்றனவா?

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குடும்ப மருத்துவரிடமோ இதை ஒழுங்காகச் செய்யலாம். டெல்மிசார்டான் 40 தொடங்கினால் 2 முதல் 4 வாரத்துக்குள் கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்த்து, சரியாக இருந்தால் 80-க்கு ஏற்றலாம். அதன்பின் டாபாகிளிஃப்ளோசின் சேர்ப்பது எங்களுக்குப் பிடித்த முறை. எது எதைச் செய்தது என்று குழம்பாது. வடிகட்டும் திறன் 25-க்கு மேல் இருந்தால் டாபாகிளிஃப்ளோசினைத் தொடங்கலாம். முதல் வகை சர்க்கரை நோயாளிக்கு வேண்டாம். சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம். சிறுநீர் கழித்ததும் கழுவித் துடைக்கச் சொல்லிவிட்டால் பாதித் தொல்லை குறையும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை வடிகட்டும் திறன் 45-க்குக் கீழே பாதியாக்க வேண்டும், 30-க்குக் கீழே நிறுத்த வேண்டும். டெல்மிசார்டானையும் ராமிப்ரிலையும் ஒருவருக்கே சேர்த்துத் தரக்கூடாது. இதயம் பலவீனமானவருக்கு பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை ஆகாது. நீரைத் தேக்கி மூச்சுத்திணறலில் கொண்டுவிடும். கொழுப்புக்கான ஸ்டாடினும், 130/80-க்குக் கீழான அழுத்தமும் எல்லோருக்கும் பொது.

பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் முதலில் சமையலறையைக் கேட்க வேண்டும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடுதான் கலந்திருக்கும். இளநீரும் பொட்டாசியம் நிறைந்தது. இந்துப்பு பிரஷரை ஏற்றாது என்ற நம்பிக்கையும் தவறு. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். உப்பு நாளொன்றுக்கு மொத்தம் 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அதற்குள் அடக்கம்.

ஒரு அறிகுறியைப் பார்த்து மகிழ்ந்துவிடக்கூடாது. ‘இப்போதெல்லாம் சுகர் தானாகவே குறைந்துவிட்டது, மாத்திரை பாதி போதும்’ என்று ஒருவர் சொன்னால் உடனே சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். இன்சுலினை உடலிலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்குண்டு. அது தளர்ந்தால் இன்சுலின் நீண்ட நேரம் தங்கும். கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளின் எச்சமும் தேங்கும். சாப்பாடு தாமதமானால் வியர்த்து மயங்கி விழுவார்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் என்று படுத்துவிட்ட நாளில் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், டெல்மிசார்டான், நீர் பிரியும் மாத்திரை ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். நீர் வற்றிய உடலில் இவை சிறுநீரகத்தைத் திடீரென்று முடக்கக்கூடும். டாபாகிளிஃப்ளோசின் உண்ணாமல் கிடப்பவருக்கு இரத்தத்தில் அமிலத்தையும் சேர்க்கலாம். அப்போது சர்க்கரை 200-தான் காட்டும். வாந்தியும் வேக மூச்சும் மட்டும் இருக்கும். அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரம். பட்டினி விரதத்தன்றும் அந்த மாத்திரை வேண்டாம்; அறுவை சிகிச்சைக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இன்சுலினை மட்டும் தானாக நிறுத்தக்கூடாது. அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும். வழக்கம்போல் சாப்பிட்டு, குடித்து ஒன்றிரண்டு நாள் ஆனதும் நிறுத்தியதையெல்லாம் மறுபடி தொடங்க வேண்டும். பலருக்கு மாத்திரை நின்றுபோவது இங்கேதான். எனவே எந்தெந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எப்போது திரும்பத் தொடங்க வேண்டும் என்பதை மருந்துச் சீட்டின் பின்புறமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.