மூன்றாம் பக்கத்தையும் படித்துவிடுங்கள்

ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த மறுநாள் ஓர் அப்பாவும் மகளும் என் அறைக்கு வந்தார்கள். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். முழங்கை வரை முள் கிழித்த கோடுகள். மகள் ஏழு ஏ எடுத்திருந்தாள். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், பாதிக் காசு அவங்களே போட்டுடுறாங்களாம். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிரம் வெள்ளி கட்டணும். இல்லன்னா வேற பிள்ளைக்குப் போயிடுமாம்."

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளி ஆலோசக ஆசிரியராக இருப்பதால் ஒவ்வோர் ஆண்டும் இந்த வாரத்தில் இதே கடிதத்தை வேறு வேறு கல்லூரிகளின் பெயரில் பார்க்கிறேன். கெட்டித் தாள், பொன் நிற முத்திரை, முதல் பக்கத்தில் வாழ்த்து, பிள்ளையின் பெயர், பெரிய எழுத்தில் '50 சதவீத உபகாரச் சம்பளம்'. இரண்டாம் பக்கத்தில் வங்கிக் கணக்கு எண்ணும் கடைசித் தேதியும். மூன்றாம் பக்கத்தில் எறும்பு எழுத்தில் நிபந்தனைகள். "இதைப் படிச்சியாம்மா?" என்று மகளிடம் கேட்டேன். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே அம்மாவிடம் சொல்ல ஓடிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாள். அந்த வயதில் நானும் ஓடியிருப்பேன்.

சரி, உட்கார்ந்து படித்தோம். ஓராண்டு அசாசி, அதாவது பட்டப்படிப்புக்கு முந்தைய அடிப்படைப் படிப்பு; அதன்பின் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. அசாசிக்குக் கட்டணம் 18,000 ரிங்கிட் (நம் பேச்சில் வெள்ளி), பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 22,000. ஆக மொத்தம் 84,000, அதில் பாதி 42,000 என்றுதான் கல்விக் கண்காட்சியில் வரைந்து காட்டியிருக்கிறார்கள். அப்பாவின் மனத்தில் நின்ற எண்ணும் அதுதான். மூன்றாம் பக்கம் வேறு கதை சொன்னது. தள்ளுபடி, பாடக் கட்டணத்துக்கு மட்டும். பதிவு, ஆய்வுக்கூடம், தேர்வு, நூலகம், காப்புறுதி என்று ஆண்டுக்கு 2,400 தனி. அதற்குத் தள்ளுபடி கிடையாது. பட்டப்படிப்பின் முதல் ஆண்டுக்குப் பிறகு ஒவ்வொரு பருவத்திலும் மதிப்பெண் சராசரி, நான்குக்கு 3.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரு பருவம் இறங்கினால் போதும், சலுகை அத்தோடு நின்றுவிடும்.

தாளில் எழுத ஆரம்பித்தோம். அறை வாடகை மாதம் 450, நான்கு ஆண்டுக்கு 21,600. சாப்பாடும் பஸ் செலவும் மாதம் 600 என்று கஞ்சமாகப் போட்டு, ஆண்டுக்குப் பத்து மாதம் மட்டும் கணக்கிட்டாலும் 24,000. உதிரிக் கட்டணம் 9,600. எல்லாம் சேர்ந்தால் அந்த 42,000 வளர்ந்து 97,200 ஆகிறது. அதுவும் பிள்ளை ஒரு பருவம்கூடச் சறுக்காமல் படித்தால். பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே சலுகை போய்விட்டால் 1,19,200. அப்பா ஒன்றும் பேசவில்லை. தொப்பியைக் கழற்றி மடிமேல் வைத்துக்கொண்டார்.

மொத்தத் தொகையைவிட என்னைப் பயமுறுத்தியது முதல் ஆண்டுதான். அசாசிக்கு, அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கிடையாது. டிப்ளோமாவுக்கும் பட்டப்படிப்புக்கும்தான் தருவார்கள். பல பெற்றோருக்கு இது பணம் கட்டிய பிறகுதான் தெரியவருகிறது. அந்த ஓர் ஆண்டுக்கு, தள்ளுபடி போகக் கட்டணம் 9,000, உதிரி 2,400, வாடகை 5,400, சாப்பாடு 6,000. ஆக 22,800 ரிங்கிட். கையில் ரொக்கமாக. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், ஆண்டுக்கு 20,400. குலை எடைக்கு ஏற்ப மேலே கொஞ்சம் வரும். சேமநிதிக்கு 11 சதவீதம் பிடித்தமும் போகும். ஒரு மனிதனின் அடிப்படைச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் மகளின் முதல் ஆண்டுக்குப் போதவில்லை. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள்.

தனியார் கல்லூரிக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல தனியார் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. லாப நோக்கமில்லாமல் நடப்பவையும் உண்டு, கம்பாரில் இருக்கும் யூ.டி.ஏ.ஆர். மாதிரி. நான் கேட்பது ஒன்றே ஒன்று: முதல் பக்கத்துச் சதவீதத்தை வைத்து முடிவெடுக்காமல், கடைசிப் பருவம் வரை வீட்டிலிருந்து எவ்வளவு ரொக்கம் போகும், எந்த மாதம் போகும் என்று எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இரண்டு கடிதம் வந்திருந்தால் இரண்டுக்கும் இதே கணக்கை, ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும். 30 சதவீதச் சலுகை தரும் இடம் 50 சதவீதம் தரும் இடத்தைவிட மலிவாக முடிந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அடிப்படைக் கட்டணத்தை ஏற்றி வைத்துவிட்டுத் தள்ளுபடி கொடுப்பது தீபாவளிச் சேலைக் கடையில் மட்டும் நடப்பதில்லை.

அடுத்தது அவசரம். எஸ்.பி.எம். முடிவு வந்த அன்றைக்கே தனியார் கல்லூரிகளின் அழைப்பு வரத் தொடங்கிவிடும். சில கல்லூரிகள் முன்தேர்வு மதிப்பெண்ணை வைத்தே இடம் கொடுத்து வைத்திருக்கும். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யூ.பி.யூ. விண்ணப்ப முடிவோ வாரக்கணக்கில் தள்ளி வரும். பட்டப்படிப்புக்கு முன் அரசாங்கம் நடத்தும் மெட்ரிகுலேஷன் படிப்பும் அப்படித்தான். இந்த இடைவெளியில்தான் முன்பணம் கைமாறுகிறது. பின்னால் அரசாங்க இடம் கிடைத்தாலும், கட்டிய காசு போய்விடுமே என்று தயங்கித் தனியாரிலேயே தங்கிவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆயிரம் வெள்ளியைக் காப்பாற்ற ஒரு லட்சம் செலவழித்தார்கள். ஆள் சேர்த்துவிடும் முகவர்கள் பலருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். கோயில் திருவிழாவில் பார்த்துப் பழகிய தம்பியாகவே இருந்தாலும் சரி. அவர் கெட்டவர் என்பதில்லை. அவர் போடும் கணக்கும் உங்கள் கணக்கும் வேறு, அவ்வளவுதான்.

யூ.பி.யூ.வில் புள்ளிக் கணக்கு 90 சதவீதம் பாடத்துக்கு, 10 சதவீதம் புறப்பாட நடவடிக்கைக்கு. அதனால் சாரணர், செயிண்ட் ஜான், சிலம்பம் என்று எந்தச் சான்றிதழையும் தூக்கிப் போடாதீர்கள். இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். பத்து ஏ, அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024-இல் பிரதமர் அன்வார் அறிவித்தார். ஏழு ஏ பிள்ளைக்கு அந்த உறுதி கிடையாது, விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இன்னொன்று: அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் பெயர் கடிதத்தில் இருந்தாலே கட்டணம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். யூ.பி.யூ. வழியாக இல்லாமல் நேரடிச் சேர்க்கை வழியாக வந்த இடமாக இருந்தால் அரசாங்க மானியம் இருக்காது. கட்டணம் பல மடங்காக இருக்கும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பையனுக்குத் தனியார் கல்லூரி டிப்ளோமா ஒன்றைச் 'சேரலாம்பா' என்று சொன்னேன். கல்லூரியின் பெயரைப் பார்த்தேன், படிப்பைத் தனியாகச் சரிபார்க்கவில்லை. அந்தப் படிப்பு, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ. அமைப்பின் பதிவேட்டில் இல்லை. கடன் விண்ணப்பம் திரும்பி வந்தது. அம்மாவின் நகையை அடகுக் கடையில் வைத்துக் கட்டிய முதல் பருவக் கட்டணம் அவ்வளவுதான். பையன் டயர் கடையில் வேலைக்குப் போனான். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் இன்றும் வணக்கம் சொல்கிறான், எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகக் கிடைக்கிறது. எம்.கியூ.ஆர். என்னும் அந்தப் பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. படிப்பின் பெயர், வளாகம், அங்கீகாரம் தற்காலிகமா முழுமையா என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். தாதிமை, பொறியியல், மருந்தகம் மாதிரி படிப்பு என்றால் அந்தத் துறையின் வாரியம் ஏற்கிறதா என்றும் பாருங்கள்.

பி.டி.பி.டி.என். பற்றி நம் தோட்டங்களில் இரண்டு விதமான பேச்சு. 'அது அரசாங்கக் காசு, மெதுவாகக் கட்டலாம்' என்பது ஒன்று, 'கடனே வேண்டாம்' என்பது இன்னொன்று. இரண்டும் சரியில்லை. 1997-இல் தொடங்கிய அந்தக் கடனுக்கு இப்போது ஆண்டுக்கு ஒரு சதவீதச் சேவைக் கட்டணம்தான். அதைவிட மலிவாக வெளியில் யாரும் கொடுக்கமாட்டார்கள். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். ஆனால் கிடைக்கும் தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்து மாறும், தனியார் கட்டணம் முழுவதையும் பெரும்பாலும் மூடாது. பி.டி.பி.டி.என்.-இன் சேமிப்புக் கணக்கான எஸ்.எஸ்.பி.என். கணக்கை முன்கூட்டியே திறந்து வைத்திருங்கள். முதல் வகுப்பில் தேறினால் கடன் தள்ளுபடி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் நிபந்தனைகள் ஒரு முறைக்கு மேல் மாறியிருக்கின்றன, ஆகவே அதை நம்பிக் கணக்குப் போடவேண்டாம். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், பதிவு நாள் செலவுக்கு 1,500 ரிங்கிட் வரை முன்பணமாக எடுக்க வழி இருக்கிறது. இது தெரியாமல் கைமாற்று வாங்கியவர்கள் நிறைய.

பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ. தருவது போன்ற முழு உபகாரச் சம்பளம் கிடைத்தால் சந்தோஷம்தான், அங்கேயும் ஒப்பந்தம் உண்டு. படித்து முடித்து எத்தனை ஆண்டு எங்கே வேலை செய்ய வேண்டும், நடுவில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று பாருங்கள். ஜாமீன் கையெழுத்து கேட்டால்தான் வீட்டில் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கும். லயத்துக் குடும்பத்தில் சம்பளச் சீட்டு உள்ள உறவினர் யார்? ஒரு மாமா, ஒரு சித்தப்பா. அவரிடம் தாளை நீட்டி 'சும்மா ஒரு கையெழுத்து' என்று சொல்லாதீர்கள். தொகை என்ன, பிள்ளை படிப்பை விட்டால் அவர் தலையில் என்ன விழும் என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள். சொல்லாமல் வாங்கிய கையெழுத்தால் ஒரு கல்யாணத்துக்கு அண்ணன் தம்பி இரண்டு பேரும் தனித்தனிப் பந்தியில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சின்னச் சின்ன உதவிகளும் இருக்கின்றன. இந்த ஊர்க்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டத்து மக்கள் சிறுகச் சிறுகக் கட்டித்தான் பங்கு வாங்கினார்கள். உங்கள் தாத்தா பாட்டியின் உறுப்பினர் அட்டை இரும்புப் பெட்டியில் கிடக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கூட்டுறவுச் சங்கமாக இருந்தாலும் உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டா என்று கேட்பதில் நட்டமில்லை. தோட்டத்து ஆபீசில் கிராணியிடமும் கேளுங்கள், ஊழியர் பிள்ளைகளுக்கு உதவி வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. மலேசிய இந்தியர் காங்கிரஸின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. தரும் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். இரண்டு உதவிகளை ஒரே நேரத்தில் வைத்திருக்கலாமா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள், மறைத்தால் இரண்டும் போகும். அப்பாவின் சேமநிதியில், ஓய்வுக்கு முன்பே சில தேவைகளுக்கு எடுக்கக்கூடிய பகுதியான செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்காக எடுக்கலாம். 50 வயதைத் தாண்டியவர் அதைத் துடைத்தெடுப்பது எனக்குச் சம்மதமில்லை. குலை வெட்டும் கைக்கு ஓய்வு நாள் சீக்கிரம் வந்துவிடும்.

ஆறாம் படிவம் என்றால் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். மறுபடியும் சீருடையா, மறுபடியும் பள்ளி பஸ்ஸா என்று. அதன் முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு கடினம்தான், எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. ஆனால் ஒன்றரை ஆண்டில், வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே, அசாசிக்கு ஆகும் செலவில் ஒரு துளியில் முடிகிற படிப்பு அது. இயந்திரத்தில் ஆர்வமுள்ள பிள்ளை என்றால், 1969-லிருந்து இயங்கும் உங்கு ஒமார் பாலிடெக்னிக் பக்கத்தில் ஈப்போவில் இருக்கிறது. ஒரு பருவக் கட்டணம் சில நூறு ரிங்கிட்தான். பொன் முத்திரை போட்ட கடிதம் அங்கிருந்து வராது, அதுதான் அதன் குறை.

அந்த மகளிடம் கல்லூரிக்கு மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேட்கச் சொன்னேன். யூ.பி.யூ.வில் இடம் கிடைத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா? ஒரு பருவம் 3.5-க்குக் கீழே போய் அடுத்த பருவம் மீண்டும் ஏறினால் சலுகை திரும்ப வருமா? உதிரிக் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு கூடுமா? முதல் இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தது. மூன்றாவதற்கு, எங்கள் ஆலோசகர் உங்களை அழைப்பார் என்றார்கள். அந்த வெள்ளிக்கிழமை பணம் கட்டவில்லை. திங்கட்கிழமை ஆலோசகர் அப்பாவின் கைப்பேசிக்கு அழைத்து, கடைசித் தேதியை இரண்டு வாரம் தள்ளிவைத்திருப்பதாகவும், உதிரிக் கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். அப்பா அப்போது குலை ஏற்றும் இடத்தில் நின்றிருந்தாராம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எழுதி அனுப்புங்க தம்பி, என் மக படிச்சுச் சொல்லும்னு சொன்னேன் டீச்சர்."