ரோல் அப் தொடங்கும் முன் கேட்க வேண்டியது

பிலாட்டிஸ் உடற்பயிற்சி வகுப்பில் சேர வரும் ஐம்பது வயதுப் பெண்மணியிடம் பல ஸ்டூடியோக்களில் கேட்பது இவ்வளவுதான்: முதுகு வலி இருக்கிறதா, மூட்டு வலி இருக்கிறதா, ரத்த அழுத்தம் உண்டா? எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று பதில் வந்தால், முதல் வாரமே மேட்டில் (பயிற்சி விரிப்பில்) படுக்க வைத்து "ஒவ்வொரு எலும்பாக உருட்டி எழுந்திருங்கள்" என்று ரோல் அப் ஆரம்பித்துவிடுகிறார்கள். எலும்பு அடர்த்தியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரிந்துகொண்டே பிலாட்டிஸ் ஆசிரியர்களுக்கும் வகுப்பெடுக்கும் எனக்கு அடிக்கடி கண்ணில் படும் குறை இதுதான்.

முதுகை முன்னோக்கி வளைப்பது இந்தப் பயிற்சி முறையின் ரத்தத்திலேயே இருக்கிறது. இதை உருவாக்கிய ஜோசப் பிலாட்டிஸ் 1945இல் வெளியிட்ட நூலில் உள்ள 34 பயிற்சிகளைப் புரட்டிப் பாருங்கள். ஹண்ட்ரட், ரோல் அப், ரோல் ஓவர், பந்துபோல் உருளுதல், சா (ரம்பம்), சீல் என்று கணிசமானவை முதுகைச் சுருட்டுபவை. நியூயார்க்கில் அவரிடம் நடனக் கலைஞர்கள் பலர் பயின்றார்கள். இளமையும் வலுவான எலும்பும் உள்ளவர்களுக்கு அவை நல்ல பயிற்சிகள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இன்று நம் ஸ்டூடியோக்களுக்குக் காலை பதினொரு மணிக்கு வருபவர்கள் நடனக் கலைஞர்கள் அல்லர். மாதவிடாய் நின்ற பெண்களும் ஓய்வு பெற்றவர்களும்தான்.

எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய், உள்ளவர் முன்னால் வளையும்போது முதுகெலும்புக் கண்டத்தின் (முதுகெலும்பில் அடுக்கியிருக்கும் தனி எலும்பின்) முன்பகுதியில் அழுத்தம் கூடுகிறது. உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற எலும்புத் திசு மெலிந்திருந்தால் அந்த முன்பகுதி இடிந்து, கண்டம் ஆப்பு வடிவத்துக்கு மாறிவிடும். மார்பு முதுகின் நடுப்பகுதியிலும், மார்பு முதுகும் இடுப்பு முதுகும் சேரும் இடத்திலும் இது அதிகம் நடக்கும். வளைவோடு திருகலும் வேகமும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். சா பயிற்சியில் வளைவும் திருகலும் ஒன்றாகவே வருகின்றன.

"எனக்கு முதுகு வலியே இல்லையே மேடம்" என்று வகுப்புக்கு வருபவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முதுகெலும்பு நசுங்கல் முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலேயே நடந்து முடிகிறது. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு சமாளித்தவர்கள் ஏராளம்.

இது குறித்து ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு ஒன்று 1984இல் வெளியானது. சினாகி, மிக்கெல்சன் என்ற இருவர், முதுகெலும்பில் எலும்புப்புரை இருந்த 59 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சிகளைச் செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்குப் புதிய முறிவு அல்லது கண்டச் சிதைவு ஏற்பட்டிருந்தது. முன்னோக்கி வளைக்கும் பயிற்சிகளைச் செய்தவர்களில் அது 89 சதவீதம். இரண்டையும் கலந்து செய்தவர்களில் 53, எதுவுமே செய்யாதவர்களில் 67. சிறிய ஆய்வுதான், வளைக்கும் குழுவில் இருந்தவர்கள் ஒன்பதே பேர். அதனால் இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அவை எந்தத் திசையைக் காட்டுகின்றன என்பதை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால், எலும்பு மெலிந்திருக்கக்கூடியவர்களைக் கண்டுகொள்ளச் சேர்க்கைப் படிவத்தில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்? மாதவிடாய் எந்த வயதில் நின்றது? கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்திருக்கிறார்களா? நாற்பதை ஒட்டிய வயதிலேயே அந்த அறுவை செய்துகொண்டவர்கள் நம் ஊரில் குறைவில்லை. அதைத் தாமாக யாரும் சொல்லமாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்ததுண்டா? மார்பகப் புற்றுநோய்க்குப் பின் லெட்ரசோல், அனாஸ்ட்ரசோல் போன்ற மாத்திரை போகிறதா? சாதாரணமாகத் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததுண்டா? அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததா? இளமையில் இருந்த உயரத்தைவிட நான்கு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்ல அதுவே போதுமான காரணம். சுவரோரம் நிற்க வைத்து உயரம் அளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் அளக்கும் ஸ்டூடியோவை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் அறிக்கை கொண்டுவந்தால் டி-ஸ்கோரை, அதாவது ஆரோக்கியமான இளவயதினரின் அடர்த்தியோடு ஒப்பிடும் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 1 முதல் மைனஸ் 2.5 வரை எலும்பு மெலிவு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. அந்த எண்ணைப் படிக்கத் தெரிவதோடு நம் வேலை முடிகிறது. நோய் என்ன என்று சொல்வதும், மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று கருத்துச் சொல்வதும் மருத்துவரின் வேலை. "கால்சியம் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்" என்று வகுப்பு முடிந்து போகிற போக்கில் சொல்வதையும் நிறுத்திவிடலாம்.

சரி, வளைவை எடுத்துவிட்டால் பிலாட்டிஸில் என்ன மிஞ்சும் என்று பயிற்சியில் யாராவது கேட்பார்கள். நிறையவே மிஞ்சும். ஹண்ட்ரடைத் தலையைத் தூக்காமல், கால்களை நாற்காலியில் வைத்துச் செய்யலாம்; மூச்சும் வயிற்றுத் தசையின் பிடிப்பும் அப்படியே கிடைக்கும். மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் பிரிட்ஜில் முதுகை உருட்டாமல் ஒரே பலகையாக உயர்த்தலாம். குப்புறப் படுத்து மார்பைச் சிறிய அளவில் உயர்த்தும் ஸ்வான், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று எதிரெதிர்க் கை கால் நீட்டல், ஒருக்களித்துப் படுத்துச் செய்யும் கால் பயிற்சிகள், ஸ்பிரிங் பூட்டிய நகரும் பலகையுள்ள ரிஃபார்மர் கருவியில் முதுகை நடுநிலையில் வைத்துக் கால்களால் தள்ளும் ஃபுட்வொர்க் எல்லாம் இருக்கின்றன. தலைக்கு மேல் இடுப்பைத் தூக்கும் ஷார்ட் ஸ்பைன், ஜாக்நைஃப் இரண்டையும் இவர்களுக்கு முழுமையாக விட்டுவிடுங்கள். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் அவை ஆகாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, இடுப்பு மூட்டில் மடங்கிக் குனியக் கற்றுக்கொடுப்பது. முதுகை நேராக வைத்து, பின்புறத்தைத் தள்ளி, முழங்காலை மடக்கிக் குனிவது. வகுப்பில் வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஜாக்கிரதையாக இருந்துவிட்டு, வீட்டுக்குப் போய் முதுகைக் கூனி வாசலில் கோலம் போட்டு, தண்ணீர் நிறைந்த வாளியை உடலைத் திருகியபடியே தூக்கினால் என்ன பயன்? மேட்டிலிருந்து எழும்போதும் நேராக எழக்கூடாது. பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி எழ வேண்டும். அதை முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

பயமுறுத்துவதும் தவறுதான். 2022இல் வெளியான பிரிட்டிஷ் வல்லுநர்களின் கூட்டறிக்கை, எலும்புப்புரை உள்ளவர்கள் உடற்பயிற்சியைத் தவிர்க்கக்கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறது. குனியவே பயந்து நாற்காலியில் முடங்கியவரின் தசை கரைந்து, சமநிலை போய், விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வதைத்தான் நாங்கள் மருத்துவமனையில் பார்க்கிறோம். காலணி மாட்டக் குனிவதைத் தடுக்கத் தேவையில்லை. நாம் கவலைப்பட வேண்டியது எல்லை வரை போகும், எடை ஏறிய, திரும்பத் திரும்பச் செய்யும் வளைவு பற்றியே.

இதன் மறுபக்கமாக, "பிலாட்டிஸ் செய்தால் எலும்பு இரும்பாகும்" என்ற விளம்பரம் எனக்கு எரிச்சல் தருகிறது. மேட் பயிற்சி மட்டும் எலும்புக்குக் கொடுக்கும் சுமை குறைவு. தகுதியானவர்களுக்கு எடை தூக்கும் பயிற்சியும் தேவை. அது உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரிடம் அனுப்புங்கள்.

பிலாட்டிஸ் என்ற பெயரை நம்பி யாரும் நிம்மதியாக இருக்கவும் முடியாது. 2000இல் நியூயார்க் நீதிமன்றம் பிலாட்டிஸ் என்பது பொதுப்பெயர் என்று தீர்ப்பளித்த பிறகு அமெரிக்காவில் அந்தப் பெயரை யாரும் பயன்படுத்தலாம் என்றானது. ஆசிரியர் பயிற்சி ஒரு வார இறுதியில் முடிவதும் உண்டு, 450 மணி நேரத்துக்கு மேல் நீள்வதும் உண்டு. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்து வாடிக்கையாளருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

பன்னிரண்டு பேர் இருக்கும் குழு வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்றால், தனித்தனியாகத் திருத்திக்கொண்டிருந்தால் நடக்காது. ஐம்பதைத் தாண்டியவர்கள் அதிகம் வரும் வகுப்பில் வளைவில்லாத வடிவத்தையே எல்லோருக்கும் முதலில் கொடுங்கள். வளைக்கலாம் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் அடுத்த படியைச் சொல்லுங்கள். வகுப்பின் நடுவே யாருக்காவது குனியும்போது நடுமுதுகில் சுளீரென்று வலித்து, விலாவைச் சுற்றிப் பரவினால், அதை இழுத்துவிடவோ அமுக்கிவிடவோ முயலாதீர்கள். படுக்க வைத்து, வீட்டாரை அழைத்து, அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் போவதில் மாற்றம் இருந்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. எந்தப் பயிற்சி, எத்தனையாவது முறை, எந்த நிலையில் வலித்தது என்று அப்போதே எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். எக்ஸ்ரே எழுதலாமா என்று முடிவு செய்யும் மருத்துவருக்கு அந்தத் துண்டுச்சீட்டு பயன்படும்.