தலை இருக்க ‘த்துவம்’ ஆடலாமா?

அண்மையில் ஒரு சிறு நூலின் மெய்ப்பு என் கைக்கு வந்தது. ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட கிறிஸ்தவத் திருமண ஆலோசனை நூல். 14ஆம் பக்கத்தில் மட்டும் ‘தலைமைத்துவம்’ 9 முறை. கணவனின் தலைமைத்துவம், தலைமைத்துவத்துக்கு அடங்குதல், தலைமைத்துவ ஒழுங்கு, தலைமைத்துவத்தை மதிக்கும் மனைவி. பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போனேன். அடுத்த அத்தியாயம் திரித்துவம், அதாவது தந்தை, மகன், தூய ஆவி என மூவராயிருக்கும் ஒரே கடவுள் பற்றியது. அங்கே ‘தேவ தலைமைத்துவத்தில் மூன்று ஆள்கள் உண்டு’ என்று இருந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

நடந்தது என்ன என்று ஊகிப்பது கடினமில்லை. ஆங்கில மூலத்தில் ‘காட்ஹெட்’ என்று இருந்திருக்கும். அதில் வரும் ‘ஹெட்’ தலையே அல்ல. ‘சைல்ட்ஹுட்’ என்பதில் வாலாக வரும் ‘ஹுட்’டுக்குப் பழைய உடன்பிறப்பு அது, நிலை, தன்மை என்று பொருள். கடவுளாயிருக்கும் தன்மை என்பதற்குத் தமிழில் ‘தேவத்துவம்’ என்ற சொல் எப்போதோ வந்துவிட்டது. ‘தேவத்துவத்தின் பரிபூரணமெல்லாம்’ என்று பழைய தமிழ் வேதாகமத் திருப்புதலில், கொலோசெயர் மடல் 2:9-இல் இருக்கிறது. பெயர்த்தவர் அந்த வசனத்தை எத்தனையோ முறை வாசித்திருப்பார். ஆனாலும் ‘ஹெட்’டைப் பார்த்ததும் கை தானாகத் ‘தலைமைத்துவம்’ என்று எழுதிவிட்டது. பழக்கம் அவ்வளவு பலமானது.

சொல்லின் பிறப்பை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கணவன் மனைவிக்குத் தலை என்று புதிய ஏற்பாட்டு மடல்களில் எழுதியவர் திருத்தூதர் பவுல். அவர் எழுதிய கிரேக்கச் சொல் ‘கெஃபலே’. உடம்பின் மேல் இருக்கும் தலைதான். வேறு மர்மம் இல்லை. எபிரேயத்தில் ‘ரோஷ்’. தமிழில் தலை; மலையாளத்தில் தல, கன்னடத்தில் தலெ, தெலுங்கில் தல. ‘அதிகாரம்’ வடமொழியிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் அதற்கு நிகராக நிற்பது ‘எக்ஸூசியா’ என்ற வேறொரு சொல். கெஃபலே வேறு, எக்ஸூசியா வேறு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இனி ‘தலைமைத்துவம்’. தலை என்ற பெயரோடு ‘மை’ சேர்ந்து தலைமை ஆனது. பண்பைக் காட்டும் வேலையை ‘மை’ முடித்துவிட்டது. அதன் பின்னால் அதே வேலைக்கு வடமொழி ‘த்துவம்’ எதற்கு? பெருமைத்துவம், இளமைத்துவம், பொறுமைத்துவம் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். சட்டைக்கு மேல் சட்டை. ‘சகோதரத்துவம்’, ‘சமத்துவம்’, ‘தேவத்துவம்’ ஆகியவற்றில் ‘த்துவம்’ ஒற்றைச் சட்டையாக ஒழுங்காக நிற்கிறது. இலங்கைத் தமிழில் ‘தலைமைத்துவம்’ நெடுநாளாக வழங்குகிறது. ஒரு குழுவை நடத்திச்செல்லும் ஆற்றல் என்ற பொருளில் அங்கே யாருக்கும் அது உறுத்துவதில்லை. அதோடு எனக்குச் சண்டை இல்லை. பவுலின் வாயில் அதைத் திணிப்பதோடுதான் சண்டை.

ஏனென்றால் பவுல் அப்படி ஒரு பண்புப்பெயரைச் சொல்லவே இல்லை. புதிய ஏற்பாட்டைத் துருவித் தேடினாலும் ‘தலையாயிருக்கும் தன்மை’ என்ற பொருளில் ஒற்றைக் கிரேக்கச் சொல் கிடைக்காது. ‘தலையாயிருக்கிறான்’ என்று மட்டும்தான் இருக்கிறது. ‘ஹெட்ஷிப்’ என்பது ஆங்கில இறையியலாளர்கள் தங்கள் விவாதத்துக்காக எடுத்தாண்ட சொல். அந்த விவாதத்தைத் தமிழில் படிப்பவருக்கு, விவாதத்தின் சொல்லே வேதத்தின் சொல்லாகத் தோன்றிவிடுகிறது. உருவகம் ஒன்று பதவியாகிவிட்டது. பதவி என்றால் மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் உத்தரவு.

பழைய திருப்புதலைச் செய்தவர்களின் காதைப் பாருங்கள். ஹென்றி பவர் முன்னின்று நடத்திய குழுவின் வேலை 1871-இல் முழு வேதாகமமாக வந்தது. அதன் நடையைக் கேலி செய்யாத இளைஞர் இன்று குறைவு. நானும் கேலி செய்திருக்கிறேன். ஆனால் அவர்கள் கெஃபலேயை எல்லா இடத்திலும் ஒரே அச்சில் வார்க்கவில்லை. கொலோசெயர் 2:10-இல் துரைத்தனங்களுக்கும் அதிகாரத்துக்கும் மேலாகக் கிறிஸ்து நிற்கிறார். அங்கே ‘தலைவராயிருக்கிற’ என்று எழுதினார்கள். சபை என்ற சரீரம் பேச்சில் வந்ததும் ‘தலை’. எபேசியர் 5:23-இல் கணவன் மனைவி பற்றிய பேச்சிலும் ‘தலை’. கிரேக்கத்தில் ஒரே சொல், தமிழில் இரண்டு. ஆளுகிற இடம் எது, உடம்போடு ஒட்டிய இடம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எபேசியர் 1:22-23-இல் இன்னும் அழகு: சபைக்குக் கிறிஸ்துவைத் தலையாக ‘தந்தருளினார்’. தலைமைத்துவத்தை யாரும் யாருக்கும் தந்தருள முடியாது, நியமிக்கத்தான் முடியும்.

புதிய பெயர்ப்புகள் சில ‘தலைவர்’ என்று மாற்றிக்கொண்டன. எளிமைக்காக என்கிறார்கள். எளிமைதான், ஆனால் 1 கொரிந்தியர் 11-இல் அந்த எளிமை பவுலின் வாதத்தையே உடைத்துவிடுகிறது. 3ஆம் வசனத்தில் யாருக்கு யார் தலை என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே தலையை மூடி ஜெபிக்கிற ஆண் ‘தன் தலையைக் கனவீனப்படுத்துகிறான்’ என்கிறார். எந்தத் தலை? கழுத்துக்கு மேல் இருப்பதா, 3ஆம் வசனத்தில் சொன்ன கிறிஸ்துவா? இரண்டும்தான். வாதமே அந்த இரட்டுறலில் தொங்குகிறது. மேலே ‘தலைவர்’, கீழே ‘தலை’ என்று பிரித்து எழுதினால் வாசகருக்கு வெறும் முக்காட்டுப் பிரச்சினை மட்டும் மிஞ்சும். சிலேடையைக் கொண்டாடி வளர்ந்த மொழிக்குள் ஒரு சிலேடையைக் கொண்டுவந்து, வாசலிலேயே அதைக் கொன்றுவிடுகிறோம்.

எதிர்த்தரப்பையும் விடப்போவதில்லை. 1954-இல் ஸ்டீபன் பீடேல் என்பவர் ஒரு கட்டுரையில், பவுலின் கெஃபலேக்கு ஊற்று, தோற்றம் என்ற பொருளைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார். 1985-இல் அமெரிக்க இறையியலாளர் வெய்ன் கிரூடெம் கிரேக்க நூல்களில் 2,336 இடங்களைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை, அதிகாரம்தான் என்று வாதிட்டார். அன்று தொடங்கிய மல்லுக்கட்டு இன்னும் ஓயவில்லை. முதல் தரப்பின் பாதிப்பில் தமிழிலும் ‘பெண்ணுக்கு ஆண் ஊற்று’ என்று எழுதுகிறவர்கள் வந்துவிட்டார்கள். இதுவும் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஊற்றுக்கு உடம்பு கிடையாது. ஒரு தரப்பு தலையை வெட்டிவிட்டு நாற்காலியை வைக்கிறது. இன்னொரு தரப்பு சுனையை வைக்கிறது. தலை இருந்த இடத்தில் தலையை விட்டுவைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரு பொருளையும் தமிழ்த் ‘தலை’ தானாகவே சுமக்கிறது. பட்டினப்பாலையில் ‘மலைத்தலைய கடற்காவிரி’ என்று ஓர் அடி. மலையைத் தலையாகக் கொண்டு கடலில் போய்ச் சேரும் காவிரி. ஆறு பிறக்கும் இடம் தலை. கிரேக்கத்திலும், பண்டை வரலாற்றாசிரியர் எரொடோட்டசு எடுத்துத் தரும் ஒரு கல்வெட்டு, தெயாரோசு ஆற்றின் ஊற்றுகளைக் ‘கெஃபலை’ என்று, அதாவது தலைகள் என்றுதான் சொல்கிறது. முதலில் பிறந்த பிள்ளை தலைச்சன், தலைப்பிள்ளை. கொலோசெயர் 1:18 கிறிஸ்துவைச் சரீரத்துக்குத் தலை என்றும், ஆதி என்றும், முதற்பேறு என்றும் ஒரே மூச்சில் சொல்லும்போது தமிழ்க் காதுக்கு அந்த மூன்றும் ஒரே குடும்பமாகக் கேட்கும். ஆளும் பொருளும் இல்லாமல் இல்லை: ஏசாயா 7:8-இல் சீரியாவின் தலை தமஸ்கு, தமஸ்குவின் தலை ரேத்சீன். நகரமும் தலை, அரசனும் தலை. தமிழில் படிக்கும்போது எதுவும் இடறவில்லையே. இன்னொன்றும் உண்டு: ‘தலைகொடுத்தான்’ என்கிறோம். பிறருக்காகத் தன்னை முன்னே வைப்பது. எபேசியர் 5:25-இல் கிறிஸ்து சபைக்காகத் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்தார் என்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? ‘தலைமைத்துவம்கொடுத்தான்’ என்று சொல்லிப் பாருங்கள்.

தலை என்றால் உத்தரவு பிறக்கும் மூளை என்ற படம் நம் காலத்துப் படம் என்பதையும் மறந்துவிடுகிறோம். கிரேக்க மருத்துவர்களில் சிலர் மூளைக்கு அந்த இடத்தைக் கொடுத்ததுண்டு. ஆனால் வேதத்தில் யோசிப்பது இருதயம். ‘மனுஷனுடைய இருதயம் அவனுடைய வழியை யோசிக்கும்’ என்பது நீதிமொழி. பவுலும் கொலோசெயர் 2:19-இல் தலையிலிருந்து உடம்பு ஊட்டம் பெற்று, இணைந்து, வளர்கிறது என்கிறார். உத்தரவு பற்றி அங்கே பேச்சே இல்லை.

சரி, அதிகாரம் எங்கே போயிற்று? திருமணத்தைப் பற்றிப் பேசும்போது பவுல் எக்ஸூசியாவின் வினைவடிவத்தை 1 கொரிந்தியர் 7:4-இல் எடுக்கிறார். மனைவியின் சரீரத்துக்குக் கணவன் அதிகாரி. ‘அப்படிப்போல’ கணவனின் சரீரத்துக்கு மனைவி அதிகாரி. இரு பக்கமும் சரிசமம். மெய்ப்பில் நான் பார்த்த நூல் இந்த வசனத்தை ஒருமுறைகூட எடுக்கவில்லை. 11:10 இன்னும் சுவையானது. கிரேக்கத்தில் பெண் தன் தலையின் மேல் ‘எக்ஸூசியா’ உடையவளாய் இருக்கவேண்டும் என்று இருக்கிறது. பழைய திருப்புதலில் அது ‘முக்காடிட்டுக்கொள்ளவேண்டும்’ என்று ஆகிவிட்டது! அதிகாரம் என்ற சொல் உண்மையில் இருந்த இடத்தில் துணியைப் போட்டு மூடிவிட்டு, இல்லாத இடத்தில் எல்லாம் இன்று அதைக் கொட்டுகிறோம். பவர் குழுவைப் புகழ்ந்த அதே வாயால் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இதெல்லாம் கணவன் மனைவி பேச்சோடு நின்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். 1 கொரிந்தியர் 11:3-இன் கடைசி வரி விடாது: ‘கிறிஸ்துவுக்கு தேவன் தலை’. தலை என்றால் மேலதிகாரி என்று முதல் இரண்டு இடத்தில் முடிவுகட்டினால், மூன்றாம் இடத்தில் மகனாகிய கிறிஸ்துவுக்கு மேலதிகாரி வந்துவிடுகிறார். 325-இல் நிகேயாவில் கூடியவர்கள் மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று சொன்னது எதற்காக? மகன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுசின் வழிவந்தவர்கள் இந்த வசனத்தைக் காட்டித்தான், பாருங்கள் மகன் தாழ்ந்தவர் என்றார்கள். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருச்சபைப் பிரசங்கியார் யோவான் கிறிசோஸ்தோம் கொரிந்தியர் முதல் மடலுக்குச் செய்த 26ஆம் பிரசங்கத்தில் கொடுத்த பதில் எனக்கு மிகவும் பிடிக்கும்: ஆளுகையையும் அடிமைப்பாட்டையும் சொல்ல நினைத்திருந்தால் பவுல் மனைவியை உவமை காட்டியிருக்கமாட்டார், அடிமையையும் எசமானையும் காட்டியிருப்பார். கிறிசோஸ்தோம் ஒன்றும் கணவனின் ஆளுகையை மறுத்தவர் அல்ல. அதை நேராகவே ஏற்றவர். ஆனால் தலை என்ற சொல்லை அப்படியே தூக்கிக் கடவுளின் இயல்புக்குள் கொண்டுபோய் வைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 5ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில், தலை என்றால் ஆதி, தொடக்கம் என்றே விளக்கினார். 2016-இல் ஆங்கிலம் பேசும் நற்செய்தி வட்டங்களில் மகன் தந்தைக்கு என்றென்றும் கீழ்ப்பட்டவர் என்னும் ‘நித்திய கீழ்ப்படிதல்’ பற்றிப் பெரும் சண்டை மூண்டதும் இதே வாசலில்தான்.

இப்போது ‘தேவ தலைமைத்துவத்தில் மூன்று ஆள்கள்’ என்ற வரியை மீண்டும் படியுங்கள். முந்தின அத்தியாயத்தில் அதே சொல்லுக்குக் கணவனின் ஆணையுரிமை என்று பொருள். இங்கே ஒரே தன்மை என்று பொருளாம். வாசகர் என்ன செய்வார்? முதலில் கற்ற பொருளை இங்கேயும் கொண்டுவருவார். திரித்துவம் ஒரு நிர்வாகக் குழு ஆகிவிடும். மொழிபெயர்ப்பாளர் கைதவறி ஆரியுசுக்கு வாசல் திறந்துவிட்டார், பாவம், அவருக்கே தெரியாமல்.

என் திருத்தங்களை ஓரத்தில் எழுதி அனுப்பினேன். கெஃபலே வரும் இடங்களில் ‘தலை’, வாக்கியம் கேட்டால் ‘தலையாயிருத்தல்’. நூலாசிரியரின் சொந்தக் கருத்தாக ‘ஹெட்ஷிப்’ வரும்போது ‘தலைமை’ போதும், வாலை வெட்டிவிடலாம். எக்ஸூசியாவுக்கு ‘அதிகாரம்’, சில இடங்களில் ‘உரிமை’. ‘காட்ஹெட்’டுக்குத் ‘தேவத்துவம்’, அல்லது ‘இறைத்தன்மை’. இரண்டு வாரம் கழித்து அச்சான நூல் வந்தது. 14ஆம் பக்கத்தைப் புரட்டினேன். ஒன்பதும் அப்படியே இருந்தன. திரித்துவ அத்தியாயத்தில் மட்டும் ஒரு மாற்றம்: ‘தேவ தலைமைத்துவம்’ போய் ‘தேவத் தலைமைத்துவம்’ என்று ஒற்று மிகுந்திருந்தது.